தம்பி காட்டிய இடத்தில் அப்பா வைத்த கையெழுத்து

காரைநகரில் ஐந்து பிள்ளைகளில் மூத்தவராகப் பிறந்தார் எங்கள் அன்பு அப்பா. கப்பலில் வெல்டராகப் புறப்பட்டவர், திருத்த வேலைக்காகக் கப்பல் நின்ற போலந்துத் துறைமுகத்தில் இறங்கி, அங்கே அரசாங்கக் கப்பல் கட்டும் தளத்தில் சேர்ந்தார். குடியிருந்த வீடு, வைத்தியம், நான் போன பாலர் பாடசாலை எல்லாம் அந்தத் தளம் தந்தவை. அம்மாவையும் பின்னர் தன் கடைசித் தம்பியையும் அப்பா அழைத்துக்கொண்டார். போலிஷ் மொழியை எழுதப் படிக்கக் கற்ற சித்தப்பா தள அலுவலகத்தில் மொழிபெயர்ப்பாளர் ஆனார்.

சோசலிச ஆட்சி கவிழ்ந்து தளம் தனியாருக்குப் போனபோது, சித்தப்பா ஒரு கட்டுத் தாளுடன் வந்தார். "புது முதலாளிக்குப் பேர் பதியினம் அண்ணை, இதிலை ஒருக்கா கையெழுத்து வையுங்கோ." அப்பா வைத்தார். தளத்தில் வேலை செய்த, தயங்கி நின்ற மற்ற ஆறு தமிழரிடமும், "என்ர தம்பிதானே, பயப்பிடாமல் வையுங்கோ" என்றார். வேலையையும் வீட்டையும் தாமாகவே விட்டுக்கொடுப்பதாக, அவர்கள் எவருக்கும் வாசிக்கத் தெரியாத போலிஷில் எழுதிய தாள் அது. மாரிக் குளிரில் ஏழு குடும்பங்களும் தெருவுக்கு வந்தோம். சித்தப்பாவின் மேசை மட்டும் இருந்த இடத்திலேயே இருந்தது.

பிறகு ஒவ்வொருவராகக் கனடா வந்தோம். அப்பா ஸ்காபரோவில் இரும்பு வேலை செய்து எங்களைப் படிப்பித்தார். கல்யாண வீடுகளில் அந்த ஆறு குடும்பமும் அவரைக் கண்டால் முகம் திருப்பியது. அப்பாவின் இறுதிக்கிரியையன்றும் அவர்களில் ஒருவர், "தமையனும் தம்பியும் சேர்ந்து எங்களை வித்தவை" என்றார், என் காதுபட. "உண்மையைச் சொல்லுங்கோவன் அப்பா" என்று எத்தனை தரம் கெஞ்சியிருப்பேன்! "அவன்ர பேரைக் கெடுத்து எனக்கென்ன வரப்போகுது, விடு பிள்ளை" என்பார். வைத்தியசாலைக் கட்டிலிலும் அதையேதான் சொன்னார். பொறுத்துப்போவது அப்பாவின் குணம். எனக்கு அது வாய்க்கவில்லை.

பக்கத்து நகரான அஜக்ஸில் இன்று பெரிய மனிதராக வாழும் சித்தப்பா, அப்பாவின் இந்த நினைவு மலருக்கு அனுதாபச் செய்தி அனுப்பி, "என்ர படத்தை முழுப்பக்கம் கலரிலை போடு" என்றார். போட்டிருக்கிறோம். எதிர்ப்பக்கத்தில், அப்பா ஒளித்து வைத்திருந்த அந்தத் தாளும் அதன் தமிழாக்கமும் உள்ளன. "முழுவதையும் தமிழில் விளக்கினேன்" என்று அடியில் ஒப்பமிட்டிருப்பவர் யாரென்று நீங்களே பாருங்கள்.

அந்த மாரியில் தன் இரண்டறை வீட்டில் எங்களுக்கு இடம் தந்த தளத்துக் கிரேன் ஓட்டுநர் பெண்மணிக்கும், அப்பாவைப் பராமரித்த தாதியருக்கும், சமைத்துத் தந்த அயலவர்க்கும் எங்கள் நன்றி.

சித்தப்பா, முப்பத்தோராம் நாள் அந்தியேட்டிப் போசனத்தில் இம்மலர் உங்கள் கைக்கு வரும். உங்கள் மேசையைச் சுற்றி இருப்பவர்கள் அந்த ஆறு குடும்பத்தார். இடம் ஒதுக்கியது நான்தான். அவசரப்படாமல் சாப்பிடுங்கள்.