பிப்ரவரி மாதத்து வாடகை வீடுகள்

சம்பளப் பட்டியல் போடுகிறவனுக்கு வருஷம் முழுக்க எல்லோரும் நண்பர்கள்; பிப்ரவரியில் மட்டும் ஒருவர்கூட இல்லை. நாகர்கோவிலுக்குப் பக்கத்தில் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் நான் கணக்கர். பிப்ரவரியில் எல்லோரிடமும் வாடகை ரசீது வாங்கி, வீட்டு வாடகைப் படிக்கு வரிவிலக்கு எவ்வளவு என்று பார்ப்பது என் தலையில் விழுந்த வேலை. வாங்கிய படி, சம்பளத்தில் நாற்பது சதவீதம், கொடுத்த வாடகையில் சம்பளத்தின் பத்திலொரு பங்கைக் கழித்த மிச்சம், இந்த மூன்றில் எது குறைவோ அதுதான் விலக்கு. சட்டம் போட்டவர்கள் டெல்லியில் நிம்மதியாக இருக்கிறார்கள். திட்டு வாங்குகிறவன் நான். இதே நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் சகபாவிகளே, உங்களிடம் சொல்லித்தான் ஆற்றிக்கொள்ள வேண்டும்.

ஒத்தி வீடு

வேதியியல் எடுக்கும் முருகன் சார் பூதப்பாண்டிக்காரர். கோட்டாறில் ஒத்திக்கு இருந்தார். ஒரு பெரிய தொகையை மொத்தமாகக் கொடுத்துவிட்டால் மாத வாடகை கிடையாது. காலி செய்யும்போது பணம் முழுசாகத் திரும்பி வரும். அவரோ அந்த ஒத்திப் பணம் அத்தனையையும் வாடகை என்று எழுதிக் கொண்டுவந்தார்.

திரும்பி வருகிற பணம் எப்படி சார் வாடகையாகும் என்று கேட்டதுதான் தப்பு. அறையிலிருந்த எல்லோரும் திரும்பிப் பார்க்கிற மாதிரிச் சொன்னார்: "அப்பம் நான் வருசம் பூரா ஓசியிலயா கெடக்கேன்? அந்த ரூவாயைப் பேங்குல போட்டிருந்தா வட்டி வந்திருக்கும்லா, அதை நீரா தருவீரு?"

சீதன வீடு

இயந்திரவியல் துறைத் தலைவர் தங்கசாமி சாருக்குக் கொட்டாரத்தில் மாடி வீடு. கல்யாணத்தின்போது மாமனார் மகள் பேரில் எழுதிக் கொடுத்தது. கீழ்த்தளத்தில் குடும்பத்தோடு இருந்துகொண்டு, மனைவிக்கு மாதாமாதம் வாடகை கொடுப்பதாக அந்த அம்மாள் கையெழுத்திட்ட ரசீதுகளை நீட்டினார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நிஜமாகவே கொடுக்கிறீர்களா சார் என்று கேட்டுவிட்டேன்.

நேரே முதல்வரிடம் போய்விட்டார். ரசீது இருந்தால் வாங்கிக்கொள்ள வேண்டியதுதானே, உனக்கென்ன விசாரணை என்றார் முதல்வர். வெளியே வந்ததும் தங்கசாமி சார் என் தோளில் கைபோட்டார்: "அந்த வீட்டுல ஒரு செங்கல் எம்பேருல இல்ல, பாத்துக்கிடும். சந்தேகமிருந்தா எம் பெஞ்சாதிகிட்ட கேளும், தெனமும் சொல்லிக்காட்டுகா."

மாடியில் இருந்தவர்

அதே வீட்டின் மாடியில் எங்கள் நூலகர் ஸ்டெல்லா வாடகைக்கு இருந்தார். கணவர் குவைத்தில். இரண்டு பிள்ளைகளை வைத்துக்கொண்டு, சம்பளம் வந்ததும் முதல் வேலையாக வாடகையைக் கீழே கொடுத்துவிடுவார். அவருக்கு மட்டும் ரசீது கிடையாது. அது இல்லாவிட்டால் பிப்ரவரிச் சம்பளத்தில் பாதி வரியாகப் போய்விடும். பைசா கொடுக்காதவருக்கு ரசீது, கொடுப்பவருக்கு இல்லை என்றால் என்ன நியாயம்? தங்கசாமி சாரிடமே கேட்டேன். "ரெண்டு வாடகையும் சேந்தா எம் பெஞ்சாதி பேருல வரி வந்திராதா வேய்?" என்றார், கொஞ்சமும் கூசாமல்.

எனக்கும் ரோஷம் வந்துவிட்டது. இரண்டு ரசீதும் ஒன்றாக வரட்டும், இல்லாவிட்டால் மனைவிக்கு வாடகை கொடுக்கும் கதையை வருமானவரி அலுவலகத்துக்கே எழுதிக் கேட்கிறேன் என்றேன். மறுநாளே இரண்டும் மேஜைக்கு வந்தன. அன்று முழுக்க எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

அடுத்த வாரம் ஸ்டெல்லா வந்தார். வீட்டைக் காலி செய்யச் சொல்லிவிட்டார்களாம். பிள்ளைகளுக்குப் பரீட்சை நேரம். எல்லாம் என்னால் வந்தது என்றேன். அவர்தான் என்னைத் தேற்றினார்: "ரசீது கெடச்சாச்சுல்லா சார். இனி வாடகைக்கு ஒரு வீடு மட்டும் கெடச்சாப் போதும்."

அந்த மார்ச்சில் பொய்யாக வாடகை கொடுத்தவர் அதே வீட்டில் இருந்தார், மெய்யாகக் கொடுத்தவர் தெருத்தெருவாக வீடு தேடினார், என் கணக்கில் மட்டும் இருவருக்கும் விலக்கு சரியாக வந்திருந்தது.