முகம் மட்டும் போட்ட பிளெக்ஸ்

நான் பயந்தவள். இதைச் சொல்வதில் எனக்கு வெட்கமில்லை. அகாலத்தில் போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். கணவருக்குச் சரக்குக் கப்பலில் வேலை. வருடத்தில் முக்கால்வாசி கடலில் இருப்பார். அதனால் பயப்படுவதையும் ஒரு வீட்டு வேலையாகவே பழகிவிட்டேன். பாத்திரம் தேய்ப்பது, துணி மடிப்பது, பயப்படுவது.

இப்படிப்பட்ட எனக்குக் கால்பந்து ஆடுகிற மகள். அதிலும் கோல்கீப்பர். மற்ற பிள்ளைகள் பந்தைக் கண்டால் உதைக்கிறார்கள், இவள் மட்டும் அதன் முன்னால் போய் விழுகிறாள்.

நாங்கள் குடியிருப்பது கணவரின் அண்ணன் வீட்டு மாடியில். நான் அவரை அத்தான் என்று கூப்பிடுவேன், மகளுக்குப் பெரியப்பா. தெருமுக்கில் இருந்து கூப்பிடு தூரத்தில் அவருடைய மளிகைக் கடை. மதினி காலமான பிறகு அவருக்கு மூன்று வேளையும் எங்களோடுதான் சாப்பாடு. பிள்ளை கிடையாது. என் மகளுக்குச் சைக்கிள் ஓட்டக் கற்றுக்கொடுத்தது அவர்தான். கால் தரையில் எட்டாத வயதில், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு சீட்டைப் பிடித்தபடி பீச் ரோடு முழுக்க அவள் பின்னால் ஓடியிருக்கிறார்.

அந்த மனிதர்தான், அவள் எட்டாம் வகுப்பு படிக்கும்போது ஒருநாள் பள்ளி மைதானத்தில் விழுந்து முழங்கை உரிந்து வந்ததைப் பார்த்துவிட்டு, "பொம்பளப் பிள்ளைக்குக் கை கால் ஒடிஞ்சா எவன் கட்டுவான்? இன்னையோட பந்து போதும்" என்றார். சத்தம் போடவில்லை. சத்தம் போட்டிருந்தால் எதிர்த்துப் பேசியிருக்கலாம். சொல்லிவிட்டுப் பேசாமல் சாப்பிட்டார், அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

மகள் நிறுத்தவில்லை. ஒன்பதாம் வகுப்பிலிருந்து பொய்யிலேயே ஆடினாள். அவர் இருக்கிற வீட்டில் மைதானத்துக்கு டியூஷன் என்று பெயர். கணவரிடம் சொன்னேன். "ஆடட்டும். அண்ணனுக்குத் தெரியாமப் பாத்துக்கோ" என்று சுலபமாகச் சொல்லிவிட்டுக் கப்பல் ஏறிவிட்டார். பார்த்துக்கொள்வது என் தலையில் விழுந்தது.

துறைமுகத்தில் சரக்கு கிளியரன்ஸ் ஆபீஸ் ஒன்றில் எனக்கு வேலை. மகளின் பூட்ஸும் கிளவுஸும் என் மேசைக்கு அடியில்தான் குடியிருந்தன. ஈரமான கிளவுஸின் வாடை எப்படியிருக்கும் என்று கீப்பர்களைப் பெற்றவர்களுக்குத்தான் தெரியும். ஆபீஸில் எலி செத்துக் கிடக்கிறது என்று ஒருநாள் அலமாரியையே நகர்த்தித் தேடினார்கள். நானும் கூடச் சேர்ந்து தேடினேன்.

ஆரம்பத்தில் அந்த ஆட்டத்தை யாரும் பார்க்க வரமாட்டார்கள். மைதானத்தில் ஆடுகள் மேயும். மதில் மேல் நாலைந்து பயல்கள் உட்கார்ந்து ஊளையிடுவார்கள். எனக்கு அது பெரிய நிம்மதி. பார்க்க ஆளில்லாவிட்டால் போய்ச் சொல்லவும் ஆளில்லை. பிறகு ஊர் எப்படியோ மாறிவிட்டது. பெண்கள் ஆடும் பந்தாட்டம் செல்போனில் வந்தது. அடுத்த தெருப் பிள்ளை ஒருத்திக்கு விளையாட்டை வைத்தே நல்ல வேலை கிடைத்தது. ஊளையிட்ட பயல்கள் கைதட்டத் தொடங்கினார்கள். மீன் விற்று முடித்த பெண்கள் காலிக் கூடையைக் கவிழ்த்துப்போட்டு அதில் உட்கார்ந்து, "ஏளா கீப்பரு, வலது பக்கம் ஒருத்தி சும்மா நிக்கா பாரு!" என்று கத்துவார்கள். எங்கள் தெருமுக்கு ஆட்டோ ஸ்டாண்டில் இருப்பவர்கள் சவாரியை விட்டுவிட்டு வந்து நின்றார்கள்.

எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள், என்னைத் தவிர. ஒவ்வொரு விசிலும் கடைவரை கேட்டுவிடும் போலிருந்தது. அத்தானுக்குத் தெரிந்தால் ஒரு வார்த்தையில் நிறுத்திவிடுவார். அவள் அப்புறம் எழுந்திருக்கவே மாட்டாள். ஆட்டோக்காரர் ஒருவரிடம், அண்ணாச்சிக்கு மட்டும் தெரிய வேண்டாம் என்று கெஞ்சிக் கேட்டுக்கொண்டேன். "எங்க வாயில இருந்து வராதுக்கா" என்றார். அப்படியே ஊர் முழுக்க எனக்காக வாயை மூடிக்கொண்டது.

போன ஆண்டு, அவள் கல்லூரியில் சேர்ந்திருந்தபோது, கோயம்புத்தூர்ப் பக்கம் ஒரு போட்டிக்கு அவளைத் தேர்ந்தெடுத்தார்கள். அத்தானிடம் கல்லூரி முகாம் என்று சொன்னோம். கடைசி நாள் காலையில் மகளிடமிருந்து செய்தி வந்தது. ஜெயித்துவிட்டோம், வேனில் கிளம்பிவிட்டோம். அதோடு சரி. மத்தியானம் கூப்பிட்டேன், போன் அணைத்திருந்தது. சார்ஜ் தீர்ந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். ஆனால் நான் வேலை பார்ப்பது துறைமுகத்தில். ராத்திரி பகல் பாராமல் கண்டெய்னர் ஓட்டிவரும் டிரைவர்களின் சிவந்த கண்களைத் தினமும் பார்க்கிறவள். எட்டயபுரம் பக்கம் நாலுவழிச் சாலையில் அந்த லாரிகளுக்கு நடுவில்தான் அவள் வேனும் வரும். அன்று ஆபீஸில் ஒரு பில்லைக்கூட ஒழுங்காக அடிக்கவில்லை.

சாயங்காலம் டவுன் பஸ்ஸில் ஜன்னல் ஓரம் இடம் கிடைத்தது. பஸ் எங்கள் தெருமுக்கைத் தாண்டித்தான் போய் நிற்கும். அந்த முக்கில் கரண்டுக் கம்பத்துக்கும் வேப்பமரத்துக்கும் நடுவில் ஒரு இடம் உண்டு. அங்கே எப்போதும் ஏதாவது ஒரு பிளெக்ஸ் கட்டியிருக்கும். பெரும்பாலும் கண்ணீர் அஞ்சலி. எங்கள் ஊரில் உயிர் போன கொஞ்ச நேரத்துக்குள் பிளெக்ஸ் வந்துவிடும். போன வாரம் அங்கே பாத்திரக்கடைப் பெரியவர் இருந்தார். இன்றைக்கு யாரோ என்று சும்மா திரும்பிப் பார்த்தேன்.

என் மகள்.

ஒரு ஆள் உயரத்துக்கு முகம். முகம் மட்டும். சுற்றிலும் பூ. கீழே தெரு ஆண்களின் தலைகள் வரிசையாகக் கைகூப்பிக்கொண்டிருந்தன. அவள் கண்கள் மேலே எதையோ அண்ணாந்து பார்த்தபடி இருந்தன. வாய் லேசாகத் திறந்திருந்தது. எழுத்து இருந்த ஓரத்தை ஒரு தண்ணி லாரி மறைத்து நின்றது. பஸ் போய்விட்டது.

எங்கள் பக்கம் வயசுப் பெண் ஒருத்தியின் முகத்தை அவ்வளவு பெரிதாக எதற்குப் போடுவார்கள்? பூப்புச் சடங்கு, கல்யாணம், சாவு. முதலாவது எப்போதோ முடிந்துவிட்டது. இரண்டாவது இன்னும் பேச்சிலேயே இல்லை.

நான் கத்தவில்லை. கத்துவதற்குக் காற்று வேண்டும். போனை எடுத்து அழுத்தினேன், அணைத்தே இருந்தது. ரயில்வே கேட் மூடியிருந்ததால் பஸ் நின்றது. இறங்கித் திரும்பி நடந்தேன். வழியில் ஒரு புரோட்டாக் கடையில் வெங்காயம் வதக்கும் வாசனை வந்தது. உலகத்தில் இன்னும் சமைக்கிறார்களே என்று ஆத்திரமாக வந்தது.

அத்தானின் கடையில்தான் எனக்கு மிச்சமிருந்த நம்பிக்கையும் போனது. கடை திறந்து கிடந்தது, விளக்கு எரிந்தது, தராசில் பாதி நிறுத்த சீனி அப்படியே இருந்தது. ஆள் இல்லை. மதினி இறந்த அன்றைக்குக்கூடக் கடையைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டுதான் ஆஸ்பத்திரிக்குப் போனவர் அவர்.

முக்கில் கூட்டமாக நின்றார்கள். அந்த ஆட்டோக்காரர் என்னைப் பார்த்துவிட்டு ஓடிவந்தார்.

"அக்கா, ஒங்களத்தான் தேடுதோம். அண்ணாச்சி..."

"ஒண்ணும் சொல்லாதீங்க!" இரண்டு காதையும் பொத்திக்கொண்டேன். "யாரும் ஒண்ணும் சொல்லாதீங்க!"

அவர் சொல்லாதவரைக்கும் என் பிள்ளை இருப்பாள். அப்போது எனக்கு அதுதான் கணக்கு.

ஆட்டோ ஒன்றின் பின் சீட்டில் அத்தான் உட்கார்ந்திருந்தார். சட்டைப் பொத்தானைக் கழற்றிவிட்டிருந்தார்கள். கையில் சோடா பாட்டில். அந்த மனிதர் அழுதுகொண்டிருந்தார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அப்படியே ரோட்டில் உட்கார்ந்துவிட்டேன்.

"இல்லம்மா, இல்ல, இல்ல" என்று அவர் பாட்டிலைப் போட்டுவிட்டு இறங்கி வந்தார். "பிள்ளைக்கு ஒண்ணுமில்ல. எழுத்தப் படி. நானும் படிக்காமத்தான் பாத்தேன். படிம்மா."

தண்ணி லாரி போயிருந்தது. படித்தேன். கோப்பை வென்று வரும் எங்கள் தெருவின் தங்க மகளே, வருக வருக. இரண்டு முறை படித்தேன். மூன்றாவது முறை கண்ணீரில் எழுத்து தெரியவில்லை.

நடந்தது இதுதான். கடைக்கு வந்த ஒருவர், ஒங்க பிள்ள படம் முக்குல போட்டுருக்கே அண்ணாச்சி என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறார். அத்தான் கண்ணாடியை மாட்டாமல் வெளியே வந்து எட்டிப் பார்த்திருக்கிறார். நான் பார்த்ததையேதான் அவரும் பார்த்தார். முக்குவரை ஓடிவந்து விழுந்திருக்கிறார். இவர்கள் தூக்கி உட்காரவைத்து, எழுத்தைப் படித்துக் காட்டியிருக்கிறார்கள்.

உயிர் திரும்பி வந்தது. வந்த வேகத்தில் பழைய பயத்தையும் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது. இவருக்குத் தெரிந்துவிட்டது. சற்று முன்னால் பிள்ளை உயிரோடிருந்தால் போதும் என்று எல்லாச் சாமியையும் கூப்பிட்டவள், அதற்குள் அந்த பிளெக்ஸைக் கிழித்துவிட முடியாதா என்று பார்த்தேன். பயம் அப்படிப்பட்ட நன்றிகெட்ட ஜென்மம்.

"எத்தன வருசமா ஆடுதா?" என்று கேட்டார்.

"ஒம்பதாம் கிளாஸ்ல இருந்து, அத்தான்."

"ஊருக்கெல்லாம் தெரியும், என்ன?"

அவர் ஆட்டோக்காரரிடம் திரும்பினார்.

"ஏலே, ஜெயிச்சதுக்குப் போட்டா ஜெயிச்ச மாதிரி போட வேண்டாமா? ஏன் மொகத்த மட்டும் போட்ட?"

"அண்ணாச்சி, கோப்பையே ஜெயிச்ச பொறவு இனியும் மறைக்க மனசு வரல. ஆடுத படந்தான் வச்சிருந்தோம்." ஆட்டோக்காரர் சட்டைப் பையிலிருந்து போனை எடுத்தார். "பிள்ள அரைக்கால் சட்டையில நிக்கி. தெருமுக்குல அப்படிப் போட்டா ஒங்களுக்குப் புடிக்காதுன்னு மொகத்த மட்டும் வெட்டி எடுத்தோம். மரியாதையாத்தான் செஞ்சோம்."

அத்தான் கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அவர் மௌனம் எனக்குத் தெரியும். எட்டாம் வகுப்பில் அந்தப் பந்தை நிறுத்தியது அந்த மௌனம்தான். நான் முந்தானையைச் சுருட்டிக் கையில் இறுக்கிக்கொண்டேன்.

"எனக்குப் பயந்து இவ பொய் சொல்லுதா. எனக்குப் பயந்து நீ பிள்ளையப் பாதியா வெட்டுத. கடைசியில செத்துப் பொழச்சது நான்தாம்லே" என்றார். பிறகு, "அந்தப் படத்தக் காட்டு."

ஆட்டோக்காரர் போனை நீட்டினார். அத்தான் கண்ணாடி இல்லாததால் கையை நீட்டித் தள்ளிப் பிடித்துப் பார்த்தார். நானும் எட்டிப் பார்த்தேன். என் மகள் தரையிலேயே இல்லை. முழங்காலில் சேறு, உடம்பு வில்லாக வளைந்து அந்தரத்தில் நிற்கிறது, இரண்டு கையும் மேலே. விரல் நுனியில் பந்து. வானத்தில் எதையோ பார்க்கிறாள் என்று நான் நினைத்த கண்கள் பந்தைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அவர் வெகுநேரம் பார்த்தார். அந்த அரைக்கால் சட்டைக்கு ஒரு வார்த்தை வரும் என்று காத்திருந்தேன்.

"இதப் போடு" என்றார். "பிள்ளைய முழுசாப் போடு. பந்து தெரியணும். பந்து இருந்தா உசுரோட இருக்கான்னு தெரியும்லா."

வேன் வரும்போது விளக்குப் போட்டுவிட்டார்கள். மகள் இறங்கினாள், பெரியப்பாவைப் பார்த்தாள், கையிலிருந்த பூட்ஸை முதுகுக்குப் பின்னால் மறைத்தாள். ஐந்து வருடப் பழக்கம். மீன்கூடைக்காரி ஒருத்தி குலவை போட்டாள்.

"ஏளா, போன ஏன் அணைச்ச?" அதட்டினார். அன்று அவர் அவளிடம் கேட்ட ஒரே கேள்வி அதுதான்.

"சார்ஜ் இல்ல பெரியப்பா."

அவர் அவள் முதுகுக்குப் பின்னால் கையை விட்டு பூட்ஸை வாங்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். எங்கள் தெருவே பார்க்க அதன் கயிற்றைப் பிடித்துத் தொங்கவிட்டுக்கொண்டு போனார்.

மறுநாள் அதே இடத்தில் புதிய பிளெக்ஸ் வந்தது, முழு உருவத்தோடு. அதன்பிறகு இன்னும் சில தடவை ஜெயித்தாள், தோற்றபோதும் ஒருமுறை போட்டார்கள். மைதானத்துக்கு இப்போது அத்தானும் நானும் சேர்ந்து போகிறோம். அவள் விழும்போதெல்லாம் அவரும் கண்ணை மூடிக்கொள்கிறார். பயம் போகவில்லை, பங்குக்கு ஒரு ஆள் கிடைத்திருக்கிறது.

அவள் வெளியூர் போன நாட்களில் சாயங்கால பஸ் அந்த முக்கை நெருங்கும்போது இன்னும் சீட்டிலிருந்து எழுந்துவிடுகிறேன். அங்கே அவள் படம் இருந்தால் முகத்தைப் பார்ப்பதில்லை. முதலில் பந்து இருக்கிறதா என்று தேடுகிறேன்.