நாலு கை பட்டறையின் பிஸ்கட் டப்பா

சீட்டக்காவுக்கு ஒரு பஞ்சர் கூட ஒட்டத் தெரியாது. இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. சைக்கிள் ஓட்டவும் வராது. ஆனாலும் பதினோரு வருடமாக, சனிக்கிழமை தவறாமல் அவள் போய் உட்காரும் இடம் ஒரு சைக்கிள் பட்டறை.

ஷட்டரில் பச்சை எழுத்தில் "நாலு கை" என்று எழுதியிருக்கும். கூலி கிடையாது, கட்டணம் கிடையாது, பில்லும் கிடையாது. இருப்பது ஒரே ஒரு சட்டம்: எந்தச் சைக்கிளையும் தனியாள் தொடக்கூடாது. ஒருவர் திருகினால் இன்னொருவர் பிடித்துக் கொடுக்க வேண்டும். சைக்கிளைக் கொண்டு வந்தவரும் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கை பார்க்க முடியாது. அவரும் ஜோடியில் ஒருவர்.

யாருக்கு யார் ஜோடி என்று சேர்ப்பதுதான் அக்காவின் வேலை. வார நாட்களில் அவள் ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் படுக்கை விரிப்பு மடிப்பவள். எதிர் முனையைப் பிடிக்கிற விதத்திலேயே ஆள் எப்படி என்று சொல்லிவிடுவாள். வெடுக்கென்று இழுப்பவர்கள் உண்டு, எதிராளியின் கையைப் பார்த்து மடிப்பவர்களும் உண்டு. பட்டறையில் வேலை முடிந்ததும் இரண்டு அட்டைச் சீட்டு எழுதுவாள். பட்டறைப் பெயரின் முத்திரை, தேதி, ஜோடியின் கையெழுத்து, கடைசியில் அவர்கள் எப்படிச் சேர்ந்து வேலை செய்தார்கள் என்று ஒரு வரி. ஒரு சீட்டு ஹாண்டில்பாரில் தொங்கும். மற்றது பிஸ்கட் டப்பாவுக்குள் போகும்.

"யாருக்குடி இந்த மார்க் ஷீட்டு?" என்று வீட்டுக்காரர் கேலி செய்யாத வாரமில்லை. பட்டறைக்கு வந்துகொண்டிருந்த வெல்டர் பெண் ஒருத்தி அந்தச் சீட்டுகளையே இன்டர்வியூவுக்குக் கொண்டுபோய், "நாலு பேரோட ஒத்துப்போவா" என்ற நம்பிக்கையை உண்டாக்கி வேலை வாங்கினாள். அப்போதும் மனிதர் அசைந்து கொடுக்கவில்லை.

இந்த நிலையில்தான் பெரிய தெருவில் ஒரு முதலாளி, "நாலு கை சைக்கிள்ஸ்" என்று பளபளவென்று கடை திறந்தார். பெயரைத் தன் பேரில் பதிவு செய்ய மனுவும் போட்டுவிட்டு, பட்டறைக்காரர்கள் பெயரை அழிக்க வேண்டும் என்று நோட்டீஸ் விட்டார். என்ன துணிச்சல் பாருங்கள்!

பட்டறையைத் தொடங்கிய தச்சர் சோர்ந்து போனார். "பேரு போனா போகட்டும்மா. வேலை நம்மகிட்டதானே இருக்கு?"

அக்காவுக்குச் சுர்ரென்று ஏறியது. "எப்படிண்ணா போகட்டும்? அங்க வாங்குன சைக்கிள்ல பிரேக் பிடிக்கலைன்னா ஜனங்க யாரைத் திட்டுவாங்க? இந்தப் பேரை நம்பித்தான் பிள்ளைங்களை ஏத்தி அனுப்புறாங்க."

பட்டறையார் ஆட்சேபம் எழுதிக் கொடுத்தார்கள். விசாரணை நாள் வந்தது. பதிவு அதிகாரி அம்மாள் எடுத்ததுமே பட்டறைக்காரர்களைக் கேட்டார்.

"நீங்கதான் இந்தப் பேரை முதல்ல வச்சிருந்தீங்கன்னு காட்ட பில்லு ஏதாவது இருக்கா?"

பில்லே போடாததைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவர்கள் என்ன காட்டுவார்கள்? அக்கா மூன்று பிஸ்கட் டப்பாக்களை மேசைமேல் வைத்தாள். முதலாளி சிரித்தார்.

"போன வாரம் உக்காந்து எழுதியிருப்பாங்க மேடம். முத்திரை குத்த எவ்வளவு நேரமாகும்?"

அதிகாரி கையெழுத்துக்காக முதலாளியிடம் ஒரு தாளை நீட்டினார். அவர் விரலை எடுப்பதற்குள் முதலாளி வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டார். அக்கா நிமிர்ந்து உட்கார்ந்தாள். இந்த இழுப்பை அவள் எங்கோ பார்த்திருக்கிறாள்!

இரண்டாவது டப்பாவைக் கவிழ்த்துத் துழாவினாள். ஒன்பது வருடப் பழைய சீட்டு ஒன்று கிடைத்தது.

"இந்தக் கையெழுத்து யாருதுன்னு அவரையே கேளுங்க மேடம்."

அதிகாரி சீட்டையும் மனுவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார். இரண்டிலும் அதே சுழி, அதே நீண்ட வால். பிறகு சத்தமாகப் படித்தார்: "செயின் மாற்றியது. ஜோடி, தச்சரும் சைக்கிள் சொந்தக்காரரும். சொந்தக்காரர் அவசரக்காரர். சொன்னதைக் கேட்பதில்லை. செயின் இரண்டு முறை கழன்றது."

மூலையில் இருந்த குமாஸ்தா குபீரென்று சிரித்துவிட்டார்.

"இது உங்க கையெழுத்துதானே?"

"அப்ப எனக்குக் கடையெல்லாம் கிடையாதுங்க மேடம்..." என்று முதலாளி இழுத்தார். அதற்குமேல் யாரும் வாதாட வேண்டியிருக்கவில்லை. மனு தள்ளுபடி ஆனது. அந்த மாதமே பட்டறையார் பெயரைத் தங்கள் பேரில் பதிவு செய்துகொண்டார்கள். பெரிய தெருப் பலகை இறங்கியதைப் பார்க்க ஒரு கூட்டமே போய் நின்றது. வீட்டுக்காரர்தான் முன்வரிசை.

அடுத்த சனிக்கிழமை ஷட்டருக்குப் புதுப் பச்சை அடித்தார்கள். தச்சர் ஏணியில் ஏறினார். தனியாள் வேலை செய்யக்கூடாதே! "அக்காதான் பிடிக்கணும்" என்று எல்லோரும் கத்தினார்கள். அக்கா இரண்டு கையாலும் ஏணியைப் பிடித்துக்கொண்டாள்.

முடிந்ததும் தச்சரே சீட்டு எழுதினார். பதினோரு வருடத்தில் முதல்முறையாக ஒரு சீட்டில் அக்கா கையெழுத்துப் போட்டாள். கடைசி வரியில் தச்சர், "பதினோரு வருடமாக எங்கள் எல்லோரையும் பிடித்துக் கொடுத்தவர்" என்று எழுதியிருந்தார். அவளுக்குச் சந்தோஷத்தில் அழுகை வந்துவிட்டது. மூக்கை உறிஞ்சிக்கொண்டே ஒரு சீட்டை டப்பாவில் போட்டாள். மற்றதை ஷட்டர் கைப்பிடியில் கட்டினாள்.