தீட்டோடு கூப்பிட்டேன், ரோதமுனி வந்தார்

கோயில் மலரில் எழுதுகிற அளவுக்கு நான் பெரியவள் இல்லை. தோட்டத்துப் பள்ளிக்கூடத்தில் ஏழாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. நாலு பேர் முன்னால் வாய் திறக்கவே கூச்சப்படுகிறவள். இதை எழுதுவதற்கு அடியார்கள் எல்லாரும் பொறுத்துக்கொள்ள வேண்டும். ஆனால் நடந்ததை மாற்றிச் சொல்லச் சொன்னால் என்னால் முடியாது.

எங்கள் ஏலத்தோட்டம் பல்லேகமவுக்கு மேலே, மலைச்சரிவில் இருக்கிறது. 1989ஆம் வருஷம், கிளர்ச்சியில் நாடே பயந்து கிடந்த நேரம். பஸ் இல்லை. என் மகள் செல்விக்கு விடியற்காலை எங்கள் லயத்து வீட்டிலேயே பெண்பிள்ளை பிறந்தது. நச்சுக்கொடி முழுதாக வரவில்லை. இரத்தம் நிற்கவில்லை. மருத்துவச்சி கையைக் கழுவிக்கொண்டு, மாத்தளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனால் மட்டும் பிழைப்பாள் என்றாள். பிள்ளையும் சரியாக அழவில்லை. பூனைக்குட்டி மாதிரி முனகியது.

தோட்டத்தில் ஒரே வாகனம், ஏலக்காய் மூட்டை ஏற்றுகிற பழைய பிக்கப். வெள்ளைக்கார துரை காலத்து வண்டி. ஓட்டுகிறவர் ராசையா அண்ணன். ரோதை என்றால் சக்கரம்; அது உருளுகிற எதற்கும் எங்களுக்கு ரோதமுனிதான் காவல். பூசாரி மாமா சக்கரத்தடியில் எலுமிச்சம்பழம் வைக்காமல் அந்த வண்டி புறப்பட்டதே இல்லை. அன்றைக்கு அவர் வைக்க மாட்டேன் என்றார்.

"புள்ள பொறந்த வீட்டுக்கு முப்பது நாள் தீட்டு, தாயி. தீட்டோட ஏறினா முனி வண்டியப் பள்ளத்துல தள்ளிருவாரு."

நான் அதுவரை அவர் முகத்தைப் பார்த்துப் பேசியதில்லை. அன்றைக்குப் பார்த்தேன்.

"எம்மக இங்கயே செத்தா அது எழவுத் தீட்டு. அதுக்கு எத்தன நாளுங்க மாமா?"

நான் அடுப்படியிலிருந்து எலுமிச்சம்பழங்களை எடுத்துவந்து, இரத்தம் பட்ட கையாலேயே நாலு சக்கரத்தடியிலும் வைத்தேன். ராசையா அண்ணன் தலையைச் சொறிந்துகொண்டே வண்டியின் பின்கதவை இறக்கினார்.

"ஏறு தங்கச்சி. முனி தள்ளுறதுக்கு முந்தி இந்த வண்டி தானாவே விழுந்துரும். அவருக்கு எதுக்கு வேல" என்றார்.

பின்னால் சாக்குகளை விரித்துச் செல்வியைக் கிடத்தினோம். வெயில் படாமல் மேலே படங்குத் துணி கட்டினோம். பிள்ளை என் மடியில். ஒரு பக்கம் கற்பாறைச் சுவர். மறுபக்கம் தெல்கமு ஓயா என்கிற ஆறு ஓடுகிற பள்ளம். கீழே பார்த்தால் தண்ணீர் நூல் மாதிரித் தெரியும். ஒவ்வொரு வளைவிலும் வண்டி நின்று, பின்னுக்கு வந்து, மறுபடி ஏறியது. பாதி ஏற்றத்தில் ரேடியேட்டர் கொதித்துப் புகை வந்தது. வண்டி நின்றுவிட்டது.

கொண்டுவந்த தண்ணீரை ஏற்கெனவே ஊற்றி முடித்துவிட்டோம். ஆறு கீழே பள்ளத்தில். இறங்கி ஏறுவதற்குள் பொழுது போய்விடும். வீதியோரம் சிங்கள ஆட்களின் வீடுகள் நாலைந்து இருந்தன. எல்லாம் இழுத்து மூடிக் கிடந்தன. நான் ஓடிப்போய்க் கதவுகளைத் தட்டினேன். கொஞ்சம் தண்ணீர் தாருங்கள் என்று சிங்களத்தில் கத்தினேன். உள்ளே ஆள் இருக்கிற சத்தம் கேட்டது. ஒருவரும் திறக்கவில்லை.

திரும்பி வந்தபோது செல்வியின் உதடு வெளுத்திருந்தது. "அம்மா, குளிருது" என்றாள். உச்சி வெயில் நேரம்.

நான் கும்பிடவில்லை. சக்கரத்தைக் கையால் அடித்தேன். "முனி, தீட்டோடதான் கூப்பிடுறேன். ஒனக்கு ஆகாதுன்னா என்னயத் தள்ளு, எம்மகள விடு. காவல்காரன்னா இப்ப வா. இல்லாட்டி இனிமே ஒன்னய சாமின்னு சொல்ல மாட்டேன்" என்றேன்.

அப்போது பிள்ளை வீறிட்டு அழுதது. பிறந்ததிலிருந்து முனகல் தவிர அழாத பிள்ளை. பாறையில் பட்டு அந்தச் சத்தம் பள்ளம் முழுக்கக் கேட்டது.

ஒரு கதவு திறந்தது. என் வயதுப் பெண் ஒருத்தி தண்ணீர்க் குடத்தோடு ஓடிவந்தாள். வாகனச் சத்தம் கேட்டாலே, கிளர்ச்சிக்காரர் என்று ஆண்பிள்ளைகளைப் பிடித்துப்போக ராணுவம் வருகிறது என்று ஒளிந்துகொள்வார்களாம். பிடிக்க வருகிறவன் பச்சைப்பிள்ளையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டான், அதனால்தான் வந்தேன் என்றாள். பிறகு மற்ற வீடுகளும் திறந்தன. அவள் மகன்மார் இரண்டு பேர் வண்டியை மேடு ஏறும்வரை தள்ளினார்கள்.

எந்தப் பிள்ளையைத் தீட்டு என்றார்களோ, அந்தப் பிள்ளையின் குரலில்தான் முனி வந்தார். ரத்தொட்டை வரை இறக்கம். பொழுது சாயுமுன் மாத்தளைக்குப் போய்ச் சேர்ந்தோம். இன்னும் கொஞ்சம் பிந்தியிருந்தால் பயனில்லை என்று டாக்டர் சொன்னார்.

பிறகு தோட்டத்தில், தீட்டோடு போனதற்குக் குற்றப் பூசை போடச் சொன்னார்கள். நான் போடவில்லை. இன்றைக்கும் போடமாட்டேன். பொங்கல் வைத்து நன்றி மட்டும் சொன்னேன். அன்றையிலிருந்து எவர் முன்னாலும் நான் தலை குனிந்து நிற்பதில்லை. தாய்மாரே, உங்கள் உடம்பின் தீட்டைக் காட்டி ஒருவர் சாமியை மறைத்தால் நம்பாதீர்கள். இருக்கிற கோலத்திலேயே கூப்பிடுங்கள். அவர் வருவார்.

ஆஸ்பத்திரியில் சேர்த்த மறுநாள் காலை செல்வி கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, பாண் ரொட்டியைத் தேத்தண்ணியில் தொட்டுச் சாப்பிட்டாள். பிறகு பிள்ளைக்குப் பால் கொடுத்தாள்.