பாவாயியின் அட்டை

சங்ககிரிப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில், எழுபதுகளில், நோயாளிகளின் அட்டைகளை அடுக்கிக் காத்துவந்த ஒடிசலான மனிதர் அவர். கண்ணாடியை நூலால் கட்டியிருப்பார். அம்மாவை ஊசி போடக் கூட்டிப்போனபோது, அவள் பெயர் பாவாயி என்று அவரிடம் சொன்னேன்.

"எந்த ஊருங்க? குலசாமி எதுங்க?"

"ஏனுங்க, ஊசி போட வந்தமா, சம்பந்தம் பேச வந்தமா?" என்று சிரித்தேன்.

அவர் சிரிக்கவில்லை. "ஒருக்கா ஒரு பாவாயிகிட்டப் பேரை மட்டும் கேட்டு, வேற பாவாயி அட்டையைக் குடுத்துப்போட்டனுங்க. அவங்களுக்கு இந்த மருந்து ஆகாதுன்னு எழுதுன அட்டை உள்ளயே கெடந்துச்சு. ஊசி போட்டதும் அந்தம்மா போயிட்டாங்க சாமி."

எல்லாம் சொல்லி அட்டையை வாங்கினேன். ஊசி போட்டுக்கொண்டு அம்மா நடந்து வெளியே வரும்வரை அவர் தன் அறை வாசலிலேயே நின்றார். வந்ததும் அவளைக் கும்பிட்டார்.

எதற்கென்று அம்மா கேட்டாள். கடைசிவரை நான் சொல்லவில்லை.