ஆமா சொன்னால்தான் காய் நகரும்

கல்மண்டபம் ஏரியாவில் வெறும் ஜெரால்ட் என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. ‘கட்டம் ஜெரால்ட்’ என்று கேட்க வேண்டும். துறைமுகத்தில் சரக்குத் தூக்கும் விஞ்ச் ஓட்டி ஓய்வு பெற்ற மனிதர். ஆனால் பேர் வாங்கித் தந்தது, பிளைவுட் பலகையில் கட்டம் போட்டு அவர் உண்டாக்கிய ஆட்டங்கள்தான். கப்பலில் சரக்கு இறக்கும் ஆட்டம் ஒன்று, ரயில்வே கேட்டில் மாட்டிக்கொள்ளும் ஆட்டம் ஒன்று. பிழைக்கிற வழியைப் பார் என்று அவருக்குப் புத்தி சொல்லாதவர் பாக்கியில்லை. சொன்னவர்களே சாயந்திரமானால் தாயக்கட்டையை உருட்டிக்கொண்டு அவர் வீட்டில் உட்கார்ந்திருப்பார்கள்.

கட்டை உருட்டுவதற்கு முன் பலகையைத் தொட்டு, யாருக்காக ஆடுகிறோம் என்று ஒரு பேர் சொல்ல வேண்டும். அது அவர் ஆட்டத்தின் வழக்கம். “இன்னா மாமு, பூசாரி வேல பாக்கறியா?” என்று சிரித்த பக்கத்து வீட்டு ஒவைஸ், தன் அம்மா பேரைச் சொல்லித் தோற்ற அன்று சோறு சாப்பிடவில்லை.

“சட்டம் போட்டா மீறுவான். சாமி காரியம் மாதிரி பழக்கி வுட்டா மீற மாட்டான்,” என்பார் ஜெரால்ட். கெட்டிக்காரப் பேச்சுதான். அந்தக் கெட்டிக்காரத்தனத்துக்குச் சொந்த வீட்டிலேயே வேலை வந்ததே, அதுதான் கொடுமை.

மகன் பென்னி காசிமேட்டில் விசைப்படகில் தொழிலுக்குப் போனவன். ஒருநாள் படகு கவிழ்ந்தது. மற்றவர்கள் கரை சேர்ந்தார்கள். பென்னியின் உடல்கூடக் கிடைக்கவில்லை. அவன் அம்மா ஃப்ளோரா அழவில்லை. கோயிலில் வைத்த பூசைக்கும் வரவில்லை. மகனின் போனுக்கு ரீசார்ஜ் மட்டும் போட்டுக்கொண்டிருந்தாள். யாராவது அவன் சாவைப் பற்றி வாயெடுத்தால் எழுந்து உள்ளே போய்விடுவாள். புருஷனிடம் பேச்சு, சோறு போடட்டுமா என்பதோடு சரி. இப்படியே விட்டால் இவளையும் பறிகொடுத்துவிடுவோம் என்று ஜெரால்டுக்குப் பயம் பிடித்தது. ஆறுதல் சொல்ல அவருக்கு வராது. பலகையை எடுத்தார்.

ஆடுபவர்கள் இரண்டு பேர், காய் ஒன்றுதான். அந்தக் காய் பென்னி. வீடு, கல்மண்டபம், திருவொற்றியூர், அவன் படகு ஏறும் காசிமேடு ஆர்பர் என்று அவன் கால் பட்ட இடமெல்லாம் கட்டம். காய் நிற்கும் இடத்தில் பென்னிக்கு என்ன நடந்தது என்று ஒருவர் சொல்ல வேண்டும். மற்றவர் ‘ஆமா’ என்றால்தான் காய் நகரும்.

ஃப்ளோரா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஜெரால்ட் தனியாகவே உருட்டினார். “கல்மண்டபம். பென்னி பிரியாணி துன்னான்,” என்றார், வேண்டுமென்றே.

“அவன் எங்க பிரியாணி துன்னான்?” அடுப்படியிலிருந்து குரல் வந்தது. “பரோட்டா இல்லன்னா பேஜாரு பண்ற புள்ள.”

“ஆமா,” என்றார் ஜெரால்ட். அவள் ஈரக்கையோடு வந்து உட்கார்ந்தாள்.

அதற்குப் பிறகு தினமும் ஆட்டம். விம்கோ நகரில் கிரிக்கெட் ஆடப் போய்ப் பல்லை உடைத்துக்கொண்டு வந்ததைச் சொல்லும்போது ஃப்ளோரா சிரித்தேவிட்டாள். ஜெரால்டுக்கு உச்சி குளிர்ந்தது. பாவி மனுஷன், காய் ஆர்பரை நெருங்குவதைக் கவனிக்கவில்லை.

ஆர்பரில் காய் நின்றபோது சொல்ல வேண்டியவள் ஃப்ளோரா.

“அன்னிக்கிக் காத்தால அவனுக்கு ஜொரம். போட்டுக்குப் போவல. வூட்லயே படுத்துகினு இருந்தான்,” என்றாள். சொல்லிவிட்டு அவர் முகத்தையே பார்த்தாள்.

ஆமா என்றால் அவள் சிரிப்பு நிலைக்கும். இந்தப் பலகையில் பென்னிக்குக் கல்யாணம்கூட நடக்கும். ஆனால் அவள் அதைவிட்டு வெளியே வரமாட்டாள். இல்லை என்றால் பழையபடி வாயை மூடிக்கொள்வாள். ஊரையே கட்டிப்போட்ட விதி, போட்டவர் கழுத்தையே பிடித்தது.

“இல்ல ஃப்ளோரா,” என்றார். “போனான்.”

அவள் எழுந்து போகவில்லை. காயை விரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

“ஜொரம் மெய்தான்யா. ஒடம்பு கொதிச்சிச்சி. ஓனரு வேற ஆளப் போட்டுடுவான், எழுந்து போடான்னு நாந்தான் எழுப்பி வுட்டேன்.” தலையை நிமிர்த்தினாள். “ஆமா சொல்லு.”

பெற்றவளைப் பார்த்து இதற்கு ஆமாம் போடுவதா? ஜெரால்டுக்குப் பலகையைத் தூக்கி எறிந்துவிடலாம் என்றிருந்தது. ஆனால் இத்தனை காலம் தனியாகச் சுமந்ததை இப்போதுதான் அவள் இறக்கி வைக்கிறாள். மறுத்தால் அதைத் திரும்ப அவள் தலையிலேயே ஏற்றியதாகும்.

“ஆமா,” என்றார்.

கட்டையை வாங்கிக்கொண்டார். உருட்டவில்லை. “வண்டில என் முதுகு மேல சாஞ்சிகினு வந்தான். சட்டைக்கு மேலயே சுட்டுச்சி. தெரிஞ்சேதான் ஆர்பர்ல எறக்கி வுட்டேன்.”

ஃப்ளோரா அவர் கையைப் பிடித்தாள். “ஆமா,” என்றாள். அதன் பிறகுதான் பென்னிக்காக அந்த வீட்டில் அழுகைச் சத்தம் கேட்டது.