துண்டைப் பிழிந்த கை

2006 ஆகஸ்ட் 12, சனிக்கிழமை, மாலை நாலு பத்து. திருக்கழுக்குன்றத்தில் வானம் மூடியிருந்தது. மழையும் இல்லை, கடல் காற்றும் இல்லை. என் மனைவி காபிக்குப் பால் வைத்த அடுப்பை அணைக்காமலே வந்து கட்டிலில் படுத்தாள். முப்பத்தாறு வருஷத்தில் அப்படிச் செய்தது அதுதான் முதல் தடவை.

என்னிடம் இரண்டு தெர்மாமீட்டர்கள் உண்டு. ஒன்றை மட்டும் எப்படி நம்புவது? ஒன்று 103 காட்டியது, மற்றது 103.2.

அந்த மாதம் எங்கள் தெருவின் இருபத்திரண்டு வீடுகளில் பதினேழில் சிக்குன்குனியா. காய்ச்சல் இரண்டு நாளில் போய்விடும். மூட்டுகள் மட்டும் பூட்டிக்கொள்ளும். ஆட்கள் சுவரைப் பிடித்து நடந்தார்கள். அடுத்த வீட்டு பாய்க்குத் தன் இரும்புக் கடை ஷட்டரைத் தூக்க முடியவில்லை. அவர் லுங்கியைக்கூட அவர் வீட்டம்மாதான் பிழிந்து காயப்போட்டார்.

ஜன்னல் வழியாகவே பாய் விசாரித்தார். "இன்னா சார், அம்மாவும் நம்ம கட்சில சேந்துட்டாங்களா? டாக்டராண்ட இட்டுகினு போ. ரெண்டே ஊசி. மறுநாளே நான் எழுந்து நாஸ்தா துன்னேன்."

எனக்கும் அதுவாகத்தான் தோன்றியது. ஞாயிறு காலை வரைக்கும்.

நெற்றியில் ஈரத் துண்டு போட்டேன். "காதுக்குள்ள தண்ணி போகுதுங்க" என்று அவள் துண்டைப் பிடுங்கி, படுத்தபடியே முறுக்கிப் பிழிந்தாள். ஒரு சொட்டு மிச்சமில்லை. நான் அந்தக் கையையே பார்த்தேன். விரல் முட்டியில் வீக்கம் இல்லை, மணிக்கட்டு நன்றாக மடங்குகிறது. பதினேழு வீடுகளில் இப்படிப் பிழியக்கூடிய கை எது?

"எங்கே வலிக்குது? மூட்டுலயா?"

"மூட்டு எப்பவும்போலத்தான். கண்ணுக்குப் பின்னாலதான் குத்துது. இடுப்பு விட்டுப்போகுது. சோத்த நெனச்சாலே குமட்டுது."

திங்கட்கிழமை கிளினிக்கில் எங்களுக்கு முன்னால் போன ஒன்பது பேரும் இடுப்பைத் தடவிக்கொண்டே வெளியே வந்தார்கள். ஒன்பது பேருக்கும் ஒரே ஊசி, ஒரே பொட்டலம். டாக்டர் அவள் கையைத் தொட்டுக்கூடப் பார்க்காமல் எழுதினார்.

"இது என்ன ஊசி டாக்டர்?"

"மூட்டு வலிக்கு."

"அவளுக்கு மூட்டு வீங்கலையே. துண்டு பிழியறாளே."

"ஊரெல்லாம் இதான் சார். துண்டை வெச்சா வைத்தியம் பாக்கறது?"

கம்பவுண்டர் சிரித்தார். ஊசி வேண்டாம், காய்ச்சல் மாத்திரை மட்டும் போதும் என்று சொல்லி எழுந்தேன். எனக்கு வைத்தியம் தெரியாது. சந்தேகம் மட்டும்தான் இருந்தது. பாய் அதற்கும் விடவில்லை. "இருவது ரூபா ஊசிக்கா கணக்கு பாக்கற? பேஜாரு புடிச்ச மனுசன் சார் நீ!"

புதன்கிழமை காலை காய்ச்சல் இறங்கிவிட்டது. இரண்டு தெர்மாமீட்டரிலும் 98.4. பாய் ஜாங்கிரியோடு வந்தார். "பாத்தியா, ஊசி இல்லாமயே எழுந்துட்டாங்க!"

அவள் எழவில்லை. உள்ளங்கை சில்லென்று இருந்தது. வயிற்றைப் பிடித்துக்கொண்டு புரண்டாள், மூன்று தடவை வாந்தி எடுத்தாள். வாய் கொப்பளித்த தண்ணீரில் சிவப்பு இருந்தது.

"வெத்தலை போட்டியா?"

"காய்ச்சல்ல எவ வெத்தலை போடுவா?"

அந்த 98.4ஐ நான் நம்பவில்லை. வாயில் ரத்தம் வந்ததைச் சொன்னதும் பாயின் முகம் மாறிவிட்டது. ஜாங்கிரியைத் திண்டில் வைத்துவிட்டு, நொண்டிக்கொண்டே போய்க் கார் பிடித்து வந்தவர் அவர்தான்.

செங்கல்பட்டுப் பெரிய ஆஸ்பத்திரியில் ஓர் இளம் டாக்டரம்மா பிரஷர் பட்டையை அவள் கையில் இறுக்கி, ஐந்து நிமிஷம் அப்படியே விட்டார். பட்டையை அவிழ்த்ததும் தோலில் ஊசி முனை அளவு சிவப்புப் புள்ளிகள். பேனாவால் சின்னச் சதுரம் போட்டு எண்ணினார், இருபத்திநாலு. நானும் எண்ணினேன், எனக்கு இருபத்தாறு வந்தது. ஆனால் எண்ணுகிற டாக்டர் என்றதுமே எனக்குப் பாதி சந்தேகம் போய்விட்டது.

"டெங்குவா இருக்கும் சார். ரத்தம் பார்த்துடலாம். வலி ஊசி ஏதாவது போட்டீங்களா?"

"இல்லை."

"நல்லது. போட்டிருந்தா ரத்தக் கசிவு அதிகமாயிருக்கும். இதுல காய்ச்சல் விடற நாள்தான் ஆபத்து. விட்டுடுச்சேன்னு நிறைய பேர் வீட்டுலயே இருந்துடறாங்க."

ரத்தத் தட்டணுக்கள் முப்பத்தெட்டாயிரம் என்று வந்தது. ஒன்றரை லட்சமாவது வேண்டுமாம். இரண்டு நாள் பாட்டிலில் சொட்டு விழுவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நிமிஷத்துக்கு எத்தனை என்று நர்ஸ் என்னைத்தான் கேட்டாள். வெள்ளிக்கிழமை அறுபத்திரண்டாயிரம். ஞாயிறு ஒரு லட்சத்தைத் தாண்டியது. அன்று அவள் ரசம் சாதம் கேட்டாள்.

வீட்டுக்கு வந்ததும் முதல் வேலையாக ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோன துண்டை அலசிப் பிழிந்து கொடியில் போட்டாள்.

"எவ்வளவு ஆச்சு?"

கிளினிக்குக்கு ஐம்பது, மாத்திரை எட்டு, கார் போக வர அறுநூற்றைம்பது, பிளாஸ்க் நூற்று நாற்பது, இளநீர் எண்பத்தெட்டு. படுக்கைக்கும் பாட்டிலுக்கும் காசில்லை. சொன்னேன்.

அவள் என்னைச் சந்தேகமாகப் பார்த்தாள். "எதையோ விட்டிருக்கீங்க."

விட்டுத்தான் இருந்தேன். வரும் வழியில் பாய்க்கு வாங்கிய அரைக் கிலோ ஜாங்கிரி, அறுபது ரூபாய். ஆக மொத்தம் தொள்ளாயிரத்துத் தொண்ணூற்றாறு ரூபாய்.